முட்டைக்குள் வந்த வினை

பொரித்து நாலைந்து நாளே ஆன கோழிக்குஞ்சு ஒன்று, கண்களை மூடி, சிறகுகளைத் தொங்கவிட்டு, கதகதப்பை நாடி மற்றக் குஞ்சுகளோடு ஒண்டிக்கொண்டு, சுண்ணாம்புபோல் வெளுத்த எச்சம் பின்புறத்தில் அப்பிக் காய்ந்திருக்க, ஈனஸ்வரத்தில் முனகிச் சாகிறது. பூர்வஜன்ம கர்மம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாம் அப்பால் போய்விடுகிறோம். அந்த வார்த்தையை அத்தனை சுலபமாகச் சொல்லிவிடலாமா என்பதே என் சந்தேகம்.

இந்த நோய்க்குக் காரணமான கிருமியை 1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ ரெட்ஜர் கண்டறிந்தார். சால்மொனெல்லா புல்லோரம் என்பது அதற்குப் பிற்காலத்தில் அமைந்த பெயர். (நம் கிராமத்தார் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்வது பெரும்பாலும் ராணிக்கெட் நோயை; அது வைரஸால் வருவது, வேறு சங்கதி.) இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் ஈரல் வீங்கி அதன்மேல் வெண்புள்ளிகள் தெரியும், நுரையீரலிலும் இருதயத் தசையிலும் வெளிறிய சிறு முடிச்சுகள் காணப்படுவதும் உண்டு. இவற்றைவிட என் மனத்தை உறுத்துவது மஞ்சட்கருப் பைதான். ஓட்டை உடைத்து வெளிவருவதற்குச் சற்று முன்பு, மிஞ்சிய மஞ்சட்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வேறு இரையின்றியே அது பிழைத்திருப்பது தாய் கட்டிக்கொடுத்த இந்தக் கட்டுச்சோற்றினால்தான். நோயுற்ற குஞ்சிலோ அது செரிக்காமல் திரிந்து கிடக்கிறது. கிருமி ஏறி வந்த வாகனமும் பல சமயங்களில் அதுவே. ஏனெனில், இளமையில் இந்நோய்க்குத் தப்பிய பேடு இரை பொறுக்கி, மண் கிளறி, வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாகவே திரிந்தாலும், அதன் சினைப்பையில் கிருமி குடிகொண்டு, பொன்னுருண்டைகளாய்த் திரள வேண்டிய கருக்கள் நிறம் கெட்டு, சுருங்கி, காம்பில் தொங்குகின்றன.

செம்பில் களிம்புபோல் ஆணவமலம் ஆன்மாவோடு அநாதியாகவே உள்ளது என்பர் சைவ சித்தாந்திகள். உவமை இங்கே கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றினும், அது எல்லா உயிர்களுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டதேயன்றி, இந்தக் குஞ்சு சாக அந்தக் குஞ்சு பிழைப்பானேன் என்பதற்கு விடையாகச் சொல்லப்பட்டதன்று. பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயத்தில், அனுபவம் யாவும் முன்வினைப் பயனே என்போரைப் பற்றிச் சீவகன் என்னும் பரிவிராஜகன் கேட்க, பித்தம், சிலேத்துமம், வாதம், அவற்றின் கலப்பு, பருவ மாறுதல், முறைகேடான பராமரிப்பு, தாக்குதல் ஆகிய ஏழையும் புத்தர் எண்ணிவிட்டு, எட்டாவதாகவே கர்மத்தைச் சேர்க்கிறார். எனக்கு இது மிகுந்த நிதானமுள்ள விடையாகப் படுகிறது. முறைகேடான பராமரிப்பு என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை: அடைக்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அணைத்துக்கொள்ளும், நாமோ ஆயிரக்கணக்கானவற்றை ஒரே பொரிப்புப் பெட்டியில் அடுக்குகிறோம், ஒரு குஞ்சின் தூவியோடு பறக்கும் கிருமி அத்தனை மூச்சிலும் புகுகிறது.

என் துன்பத்தை நான் ஆராய்வதற்குக் கர்ம சித்தாந்தம் நல்ல விளக்கு. பிறர் துன்பத்தின்மேல் அதைத் திருப்பினால் அது கை கழுவும் தண்ணீராகிவிடுகிறது.

நோயை ஒழிக்கக் கண்ட வழியும் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. சாயமேற்றிய கிருமிக் கரைசலில் ஒரு சொட்டு, கோழியின் இறக்கை நரம்பில் எடுத்த இரத்தத்தில் ஒரு சொட்டு, இரண்டையும் தட்டில் கலந்தால், நோய் ஒளிந்திருக்கும் கோழியின் இரத்தம் இரண்டு நிமிஷத்துக்குள் திட்டுத்திட்டாய்த் திரளும். அந்தக் கோழியை மந்தையிலிருந்து நீக்கிக் கொன்றுவிடுவார்கள். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசியத் திட்டம் இவ்வகைப் பரிசோதனையைக் கொண்டே வியாபாரப் பண்ணைகளிலிருந்து இந்நோயை அநேகமாக அகற்றியது. ஜைன முனிவர் இதற்கு உடன்படமாட்டார். வரப்போகும் குஞ்சுகளை நினைத்து, தட்டை ஏந்த நேர்ந்தால் நான் ஏந்துவேன். ஆனால் அந்தப் பேட்டின் கழுத்தைத் திருகியது அதன் ஊழ் என்று எழுதமாட்டேன், என் கை என்றே எழுதுவேன்.