கரண்டி யார் கையில்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பெற்றோர் சிலர், "பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா, சாமி?" என்று தயங்கிக் கேட்பதுண்டு. வேறு வழியில்லை என்ற தொனி அதில் ஒலிக்கும். கட்டடத் தொழில் என்றால் தயக்கம் இன்னும் கூடும்.

இத்தயக்கத்தை நாம் கடிந்துகொள்ளலாகாது. 1953ஆம் ஆண்டில் இராஜாஜியின் அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றொரு திட்டத்தைக் கொணர்ந்தது. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றனர். 1954இல் காமராசர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் இழிவானதன்று, ஆயினும் ஒருவனுடைய தொழிலை அவன் பிறப்பு முடிவுசெய்வது அநீதி. உழைப்பின் மேன்மையை ஏழையின் பிள்ளைக்கு மட்டும் நாம் போதிப்போமானால், அப்பழைய திட்டத்திற்கே திரும்புகிறோம்.

அப்படியாயின் எதைக் கொண்டு தேர்வது? மேலே ஏறப் படி உண்டா என்று பார்க்கவேண்டும். ஓராண்டுக் கொத்தனார் பயிற்சிக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஈராண்டுக் கட்டடப் படவரைவாளர் பயிற்சிக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். பத்தாம் வகுப்புக்குப்பின் ஈராண்டு ஐ.டி.ஐ. பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும், அதை முடித்தபின் பொறியியல் கல்லூரிக்குச் செல்லவும் வழியுண்டு. கட்டுமான இடத்திற்கு நேரே கூலியாகச் செல்பவனுக்கோ மேஸ்திரியின் தயவே படி.

அரசு நிலையங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் இழக்கும் கூலியை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விழுப்புரத்தில் ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குச் செல்பவன் முதல் சனிக்கிழமையே வீட்டிற்குப் பணம் தருகிறான். வட்டிக்கடன் உள்ள வீட்டில், "இரண்டாண்டு பொறுங்கள்" என்று அறிவுரை கூறுவது நமக்கு எளிது. அவ்விரண்டாண்டுச் சுமையில் நம் பங்கு எதையேனும் ஏற்றுக்கொள்கிறதா? ஏற்காதபோது அறிவுரையைச் சற்றுத் தணிந்த குரலில் சொல்வது நலம்.

கைவினைஞர் இன்றி எந்நகரும் அமையாது, எனினும் மக்கள் மன்றத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் காட்டுகிறது. நம் ஊர்களில் அக்கைவினையே எட்டாதவர்களும் உள்ளனர். சித்தாள்களுள் பெரும்பாலோர் பெண்கள். இருபதாண்டு செங்கல்லும் கலவையும் சுமந்தபின்னும் கரண்டி அவர்கள் கைக்கு வருவது அரிது. பெண்ணின் உடல்வலிமை போதாது என்று காரணம் கூறப்படுகிறது. தூக்குக்குண்டு பிடிக்கவும் ரசமட்டம் பார்க்கவும் எவ்வளவு வலிமை வேண்டும்? வலிமை வேண்டிய வேலையை அல்லவோ அவர்கள் தலையில் ஏற்றியிருக்கிறோம்! சித்தாளின் மகள் ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பிக்கையில், தையல் போதும் என்று வீட்டார் முடிவுசெய்வதற்குமுன், படவரைவாளர், மின்பணியாளர் பிரிவுகளும் தனக்கு உண்டு என்பதை அவள் அறிந்திருக்கிறாளா?