கடைசி வரிசைக்கும் பின்னால்

'சாதி ஒரு தொழுநோய்.' நம் மேடைகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. நானும் பேசியிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இனிமேல் பேசமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1984. அன்றைய வடார்க்காடு மாவட்டத்தில், செய்யாறு பக்கம் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பில் சேரிப் பிள்ளைகள் ஏழு பேர். நானும் அவனும் ஒரே தெரு. அவன் பெயரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கு அவன் மகளைப் பெண் கேட்டு வருகிறவன் காதுக்குப் போய்விடலாம். நோய் தீர்ந்து இத்தனை வருஷம் ஆனபிறகும் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் நண்டு பிடித்தது, பனம்பழம் சுட்டுத் தின்றது, வாத்தியாரிடம் அடி வாங்கியது எல்லாம் சேர்ந்துதான். பள்ளிக்கூடத்துப் பானையில் நாங்கள் மொண்டு குடிக்கக்கூடாது. ஊர்ப் பையன் ஒருத்தன் உசரத்திலிருந்து ஊற்றுவான், நாங்கள் கை ஏந்திக் குடிப்போம். அவன் குடிக்கும்போது தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து என் காலில் சொட்டும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அந்த அவமானத்தில்கூட ஒருத்தனுக்கு ஒருத்தன் துணை இருந்தோம்.

ஒருநாள் லெப்ரசி இன்ஸ்பெக்டர் வந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையாக நிறுத்திப் பார்த்தார். அவன் முதுகிலும் தோளிலும் வெளுத்த தேமல்கள் இருந்தன. "கண்ணை மூடிக்கோ. நான் தொடற எடத்தை வெரலால காட்டு" என்று சொல்லி, பேனா முனையால் மெதுவாகத் தொட்டார். கையில் தொட்டபோது சரியாகக் காட்டினான். தோளில் இருந்த தேமலைத் தொட்டபோது சும்மா நின்றான். கொஞ்ச நேரம் பொறுத்து, "தொடுங்க சார்" என்றான். வகுப்பே சிரித்தது. அவர் தொட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் மதியம் சத்துணவு. எங்கள் ஏழு பேருக்கும் கடைசி வரிசை. அவன் வழக்கம்போல் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். வாத்தியார் சொல்லவில்லை. ஊர்ப் பையன் எவனும் சொல்லவில்லை. நானே நகர்ந்தேன். என்னைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் நகர்ந்தார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால் இன்னொரு வரிசை உண்டாயிற்று. அதில் அவன் ஒருத்தன்தான். "பெரிய வியாதிடா, தள்ளியே இரு" என்று எங்கம்மாவும் சொன்னாள்தான். ஆனால் அவள் சொல்வதற்கு முன்பே நான் தள்ளிப் போயிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து அப்போது எங்கள் பக்கம் வந்திருந்தது. அவனுக்கு மூன்று மருந்து, இரண்டு வருஷம். ஒரு மருந்தால் அவன் தோல் கருத்துப் போனது. ஊர்ப் பையன்கள் அதற்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். மாசத்துக்கு ஒரு நாள் விழுங்குகிற மாத்திரையால் மூத்திரம் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டான். "டேய், வந்து பார்றா. ரத்தமாடா போவுது? செத்துடுவனா?" நான் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு "தெரியலடா" என்றேன். கிட்டே போகவில்லை.

இந்த நோய்க்குக் காரணமான கிருமியை 1873இலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்துவிட்டார். இது பரம்பரை நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டதால், ஒரு தடவை தொட்டதால் வருவதும் அல்ல. பெரும்பாலானவர்கள் உடம்பில் இதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவாது. இதெல்லாம் பதினொரு வயதில் எனக்குத் தெரியாது. பயந்தேன்.

தெரியாது, பயந்தேன் என்பது பதிலாகுமா? ஊர்க்காரன் "காலங்காலமா அப்படித்தான், எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் நாம் ஏற்றுக்கொள்கிறோமா? ஏற்பதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டுதான். என் பயம் உயிர்ப்பயம். உசரத்திலிருந்து தண்ணீர் ஊற்றியவனுக்கு எந்த உயிர்ப்பயமும் இல்லை. ஆனாலும் ஒன்றை என்னால் மறைக்க முடியாது. பயம் என்னுடையது, தட்டை நகர்த்துகிற விதம் ஊரானிடம் கற்றது. தொடாமல் இருப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தினமும் என்மேல் செய்து காட்டியிருந்தார்கள். தீண்டாமையை அனுபவித்தவனுக்கு அது வராது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவனுக்குத்தான் அது அத்துப்படி.

2012 ஏப்ரல் 14 கூட்டத்தில் நான் அந்த வாக்கியத்தைப் பேசினேன். அழுகிய உறுப்பை வெட்டி எறிய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். முன்வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். இடது கையில் இரண்டு விரல் மடங்கியிருக்கும், அவ்வளவுதான். கொத்தனார் வேலை. கூட்டம் முடிந்து டீக்கடையில் சொன்னான்: "நல்லாத்தான் பேசின. ஆனா சாதிக்கு இன்னா பேரு வெக்கறதுன்னு தெரியாம, என் பேரை வெச்சிட்ட. வியாதி வந்தவன் இன்னாடா தப்புப் பண்ணான்? எனக்கு மாத்திரை குடுத்தாங்க, துன்னேன், போயிடுச்சி. சாதிக்காரன் எவனாவது மாத்திரை குடுன்னு கேட்டு வரானா?"

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. நோயை யாரும் விரும்பி ஏற்பதில்லை. நோயால் யாருக்கும் நிலம் சேர்வதில்லை, கோயிலில் முதல் மரியாதை கிடைப்பதில்லை. சாதியால் இதெல்லாம் கிடைக்கிறது. சாதியை நோய் என்றால் சாதிக்காரன் நோயாளியாகிவிடுகிறான். நோயாளியிடம் பரிதாபப்படலாமே தவிர, கணக்குக் கேட்க முடியாது. அவனை விடுதலை செய்துவிட்டு, ஒரு குற்றமும் செய்யாத என் நண்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். தீண்டாமையை 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது. ஏழைத் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் 2016இல்தான் முழுதாக நீக்கப்பட்டது. இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்பது 2019 வரை சட்டத்தில் இருந்தது. அவர்களைத் தள்ளி வைக்கச் சட்டமே இருந்த நாட்டில், நாமும் நம் பங்குக்கு அவர்கள் பெயரை வசவாக்கிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு டீக்கடையில் மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்குடா, பேசினதுக்கா?"

"அதுக்கும்தான். அன்னிக்குத் தட்டை எடுத்துக்கினு நகர்ந்தனே, அதுக்கும்."

"தட்டா? எனக்கு ஞாபகமே இல்ல. எல்லாருந்தான் நகர்ந்தாங்க" என்றான். டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "நீ வந்து பாக்கலியே, அதாண்டா ஞாபகம் இருக்குது."

இத்தனை வருஷமாக நான் தட்டைப் பற்றித்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். தட்டு, டம்ளர், வரிசை என்றுதான் எனக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது. அவன் கணக்கில் அந்தப் பத்தடி தூரம்தான் இருந்தது.