ஹக்கைக் கேட்பது அதபுக் குறைவல்ல





காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியில் பட்டுத்தறி நெய்யும் சகோதரர் ஒருவர் சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். கையில் வங்கிப் பாஸ்புக் இருந்தது. "ஹஜ்ரத், போன பணத்தை வங்கியில் கேட்கலாமா? அல்லது அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்று ஸபூர் செய்து விடுவதா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அவருடைய கணக்கில் 340 ரூபாய் இருந்திருக்கிறது. மூன்று மாதம் கூலி வரவில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மாதந்தோறும் 150 ரூபாய் அபராதம், அதன் மேல் வரி 27 ரூபாய், ஆக 177 ரூபாய் வீதம் மூன்று முறை பிடித்திருக்கிறார்கள். மொத்தம் 531 ரூபாய். இருந்த 340 ரூபாயும் தீர்ந்து, 191 ரூபாய் அவர் வங்கிக்குக் கடன்பட்டதாகக் கணக்கு எழுதப்பட்டது. நான்காம் மாதம் கூலிப்பணம் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அந்த 191 ரூபாயை எடுத்துக் கொண்டார்கள். அவர் ஒரு காசு கடன் கேட்டவரல்லர், கேளாமலே கடனாளியாக்கப்பட்டார்.

சகோதரர்களே! நம் ஷரீஅத்தும் செல்வத்திற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. அதற்கு நிஸாப் என்று பெயர். அந்த அளவுக்கு மேல் பொருள் இருந்து, ஓராண்டும் கழிந்தால்தான் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமையாகும். அதற்குக் கீழே இருப்பவனிடம் எதுவும் கேட்பதில்லை. ஏழையாயிருந்தால் அவனுக்கே கொடுக்கச் சொல்கிறது. தென்னேரி ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே நீர் வழிந்து அடுத்த ஊருக்குப் போகிறது. வறண்டு கிடக்கும் ஏரியிலிருந்து யாரும் நீர் கேட்பதில்லை. வங்கியும் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஆனால் அந்த அளவுக்குக் கீழே இருப்பவனிடமே அது எடுக்கிறது!

இது சிறு தொகை என்று எண்ண வேண்டாம். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான எட்டு மாதங்களில், குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்குகளிலிருந்து பாரத ஸ்டேட் வங்கி மட்டும் 1,771 கோடி ரூபாய் வசூலித்ததாக அரசாங்கக் கணக்கே வெளிவந்தது. பலத்த ஆட்சேபம் எழுந்தது. 2020 மார்ச்சில் அவ்வங்கி எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் அந்த நிபந்தனையையே நீக்கியது. மக்கள் வாய் திறந்ததால் வந்த பலன் அது.

இனி அச்சகோதரரின் கேள்விக்கு வருவோம். ஸபூர் என்பது பெரும் நிஃமத்து. நோயிலும், பஞ்சத்திலும், மரணத்திலும் அடியான் பொறுமை காப்பது ஈமானின் அடையாளம். ஆனால் மனிதன் மனிதனுக்குச் செய்யும் அநீதியில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உரிமையைக் கேட்டுப் பெறுவது. மற்றொன்று, பெறச் சக்தியிருந்தும் மனமுவந்து மன்னிப்பது. பயந்து வாயை மூடிக்கொள்வதற்கு மன்னிப்பு என்று பெயரில்லை.

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த சம்பவம் ஒன்றை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தமக்கு வர வேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு ஒருவர் நாயகத்திடம் வந்தார். கடுமையாகப் பேசினார். தோழர்கள் பொறுக்கமாட்டாமல் அவர்மீது பாய எழுந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். உரிமையுடையவனுக்குப் பேசும் உரிமையும் உண்டு என்று உணர்த்தினார்கள். அவருக்குச் சேர வேண்டியதைக் காட்டிலும் உயர்ந்த ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்தார்கள். அல்லாஹ்வின் தூதரிடத்திலேயே ஹக்கைக் கேட்க இடமுண்டு என்றால், ஒரு வங்கி மேனேஜரிடம் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்?

எதைக் கேட்க வேண்டும் என்பதையும் அறிந்து கேட்க வேண்டும். செய்த வேலைக்கு, முன்னரே சொல்லி, நாமும் ஒப்பிய கட்டணம் என்றால் அது கூலி. அதைக் கொடுக்கத்தான் வேண்டும். முஸ்லிம் தான் ஒப்புக்கொண்ட நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவன். ஆனால் இங்கே வங்கியும் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்து, 2015 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த விதி இது: இருப்புக் குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். சரி செய்துகொள்ள ஒரு மாதமாவது தவணை கொடுக்க வேண்டும். குறைவு எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் அபராதம் இருக்க வேண்டும். அபராதம் பிடித்த ஒரே காரணத்தால் சேமிப்புக் கணக்கு பூஜ்யத்திற்குக் கீழே போகக் கூடாது. நம் சகோதரருக்கு அறிவிப்பும் வரவில்லை. கணக்கோ கீழே போய்விட்டது. ஆகவே அவர் கேட்பது தானமன்று, ஹக்கு.

அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் திருமறையின் மிக நீளமான வசனம். கடன் சிறிதோ பெரிதோ, அதை எழுதி வைக்கச் சலிப்படையலாகாது என்று இறைவன் அதிலே கட்டளையிடுகிறான். அதன்படி வாய்ச்சண்டையை விட்டு எழுதிக் கேட்கச் சொன்னேன். தேதி, தொகை, பிடித்த காரணம் மூன்றையும் எழுதி, வங்கியில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கொள்ள வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணமில்லை. குறைந்தபட்ச இருப்பே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கிகளிலும் உண்டு; உள்ள கணக்கை அப்படி மாற்றித் தரும்படியும் கேட்கலாம். இரண்டையும் அவர் செய்தார். 191 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. மீதிக்குப் பதிலை எதிர்பார்த்திருக்கிறார்.

கேட்கும்போது உண்மையை மட்டுமே எழுத வேண்டும். வந்த அறிவிப்பை வரவில்லை என்று சொல்லலாகாது. கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்பதால் கடனை விட்டே நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடினார்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கணக்கில் உள்ளதற்கு மேல் எடுக்கும் ஓவர்டிராப்ட் வசதி சுலபமாகத் தோன்றும். அது வட்டிக் கடனே. அறியாமைக் காலத்து அரபியர், தவணை முடிந்ததும் கடனாளியிடம், கட்டுகிறாயா அல்லது தொகையைக் கூட்டுகிறாயா என்பார்களாம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முஅத்தாவில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இஸ்லாம் அந்த வாசலை அடைத்தது. கடன்களில் அபராதத்தைக் கூடுதல் வட்டியாகச் சேர்க்கக் கூடாது, அபராதத்தின் மேல் வட்டி போடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் உத்தரவிட்டது. குட்டி போடும் கடனின் கொடுமையை உலகச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது.

நிற்க. அச்சகோதரரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "மூன்று மாதம் கணக்கு ஏன் வறண்டது, பாய்?" அவர் தலை குனிந்து சொன்னார்: "சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டேன் ஹஜ்ரத். முதலாளி கூலியை அப்புறம் அப்புறம் என்று சொல்லிவிட்டார்."

வங்கி எடுத்த 531 ரூபாய்க்கு வாசல் திறந்து விட்டது அந்தத் தாமதம்தான்! தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்றும் அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வங்கியைக் குறை சொல்லும் நம்மில் எத்தனை பேருடைய கடையில், எத்தனை பேருடைய தறிக்கூடத்தில், பிறருடைய கூலி இன்னும் கொடுபடாமல் கிடக்கிறது? இன்றே கணக்குப் பார்ப்போமாக.

ஜமாஅத்துகளும் சிந்திக்க வேண்டும். கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுப்பது அதனினும் நல்லது என்பது அல்பகராவின் 280-ஆவது வசனம் தரும் போதனை. மஹல்லாவின் பைத்துல்மாலில் சிறு தொகையை ஒதுக்கி, கூலி வரும்வரை கர்ளு ஹஸனாக, வட்டியில்லாமல், எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தால் எத்தனையோ குடும்பங்கள் இந்த வலையில் விழாமல் தப்பும்.

யா அல்லாஹ்! பிறர் ஹக்கை உண்பதிலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் ஹக்கை உண்மையோடும் கண்ணியத்தோடும் கேட்கும் தைரியத்தைத் தருவாயாக! கடனின் பாரத்தை எங்களைவிட்டு நீக்குவாயாக! ஆமீன்.