சிரிப்பும் பிறர் துயரமும்



பிறர் துயருற்ற இடத்தில் விளையாடுவது பாவமா?

2014-ம் ஆண்டு ஒளிபரப்பான பி.பி.சி.யின் ‘டாப் கியர்’ என்னும் மோட்டார் நிகழ்ச்சியில், மூவர் உக்ரேன் நாட்டிலே சிறு கார்களில் செர்னோபிலை நோக்கிச் சென்றார்கள். அங்கே போய்ச் சேருமுன் வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட வேண்டும் என்பதே பந்தயம். பெட்ரோலை வீணாக்க அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு நானும் சிரித்தேன்.

சிரிப்பு தன்னிலே பாவமன்று. ஆயினும் ஒருவன் செய்ததை நிறுக்கும்போது செயல், கருத்து, சந்தர்ப்பம் மூன்றையும் பார்க்கவேண்டும் என்பது வேதசாஸ்திரிகள் போதனை. செயல் விளையாட்டு, கருத்தும் தீயதன்று. சந்தர்ப்பம் யாது?

1986 ஏப்ரல் 26-ந் தேதி பின்னிரவில் அங்கே அணு உலை வெடித்தது. தீயணைப்போர் உடனே விரைந்தார்கள். அவர்களும் நிலைய ஊழியருமாக 28 பேர் அவ்வாண்டே கதிர்வீச்சு நோயால் மாண்டார்கள். மறுநாள் பிரிப்பியாத் நகரத்தார் சுமார் 49,000 பேர், மூன்று நாளில் திரும்பலாமென்று நம்பி பஸ் ஏறினார்கள். அந்நகரில் மறுபடி எவரும் குடியேறவில்லை.

பந்தயத்தில் வெற்றி, அங்கே போய்ச் சேராதிருப்பது. அன்றிரவு தீயணைப்போரின் கடமையோ போய்ச் சேருவது. அவர்களை நினையாமலே நான் சிரித்தேன். பிறர் மனத்தைத் தீர்ப்பிட எனக்கு அதிகாரமில்லை. என் குற்றம் அந்த மறதியே. எரிக்கோ வழியில் அடிபட்டவனைக் கண்டும் விலகிப்போனவர்களில் ஒருவன் குரு அல்லவா?

ஆகையால் சிரியுங்கள், சிரித்தபின் அவர்கள் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். நானும் பூசையில் அவர்களை நினைப்பேன்.