பொய்யாகிவிட்டால் யாருக்குச் செலவு?

பெங்களூரில் என்னோடு வேலை செய்கிறவர்களிடம் ஊர் கள்ளக்குறிச்சி என்று சொன்னால், "ஓ, ஸ்கூல் பஸ்ஸ எரிச்ச ஊர்தானே?" என்பார் ஒருவர். "இல்லப்பா, சாராயம்" என்பார் இன்னொருவர். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த முகவரி இதுதான். வருத்தம் உண்டு, அது கிடக்கட்டும். இந்த இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வதந்தி பற்றியும் கருத்துச் சுதந்திரம் பற்றியும் நாம் வழக்கமாகப் பேசுகிற பேச்சு ரெண்டு காலிலும் நொண்டுகிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றி.

2022 ஜூலை 13. சின்னசேலம் பக்கத்தில் கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்துபோனார். பெற்றோர் சந்தேகம் கேட்டார்கள். பெற்ற பிள்ளையை விடுதியில் விட்டவர்கள் கேட்கத்தானே செய்வார்கள். அடுத்த நான்கு நாட்களில் அந்தச் சந்தேகம் வாட்ஸப் குழுக்களில் வேறு உருவம் எடுத்தது. யூடியூபில் ஆளாளுக்கு ஒரு விசாரணை நடத்தினார்கள். கொலை என்றார்கள், அதைவிட மோசமாகவும் சொன்னார்கள். யார் செய்தது என்று பெயரும் சொன்னார்கள். 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பள்ளி முன்னால் கூடிய கூட்டம் உள்ளே புகுந்தது. பேருந்துகள் எரிந்தன. மேசை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர்கள் அடிபட்டார்கள். அந்தப் பள்ளியில் படித்த மற்ற பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீயில் போயின. அந்தப் பிள்ளைகள் யாருக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?

மறுநாள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். சதீஷ்குமார், மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். வன்முறையை விசாரிக்கச் சிறப்புக் குழு அமைக்கச் சொன்னார். சமூக ஊடகத்தில் இணை விசாரணை நடத்துகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கவும் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் பள்ளித் தரப்பினருக்கு ஜாமீன் கொடுத்த உயர் நீதிமன்ற ஆணை, கொலைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆதாரம் இல்லை என்றது. பெற்றோர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இதுவரை கேட்டவர்கள், "பார்த்தீங்களா, இதுக்குத்தான் இந்த வாட்ஸப் வதந்திய எல்லாம் ஒடுக்கணும்கிறது" என்று சொல்லலாம். கொஞ்சம் பொறுங்கள்.

2024 ஜூன் 18. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே கருணாபுரம். அன்று விற்ற சாராயத்தில் மெத்தனால் இருந்தது. மெத்தனால் குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற மணிக்கணக்கில் ஆகும். பிறகுதான் வயிற்று வலி, வாந்தி, கண் மங்குவது எல்லாம் வரும். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு, பிழைக்க வைக்கலாம். ஆகவே அந்த ஊரில் அன்று ஒவ்வொரு மணி நேரமும் உயிர். 19ஆம் தேதி சாவுகள் விழத் தொடங்கியபோது தெருவில் என்ன பேச்சு? "சாராயந்தான்." மாவட்ட நிர்வாகத் தரப்பில் முதலில் என்ன சொன்னார்கள்? சாவுக்குக் காரணம் சாராயம் அல்ல என்றார்கள். அன்றைக்கே ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். கடைசியில் 65க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

19ஆம் தேதி காலையில் கருணாபுரத்துப் பையன் ஒருவன், "நேத்து சாராயம் குடிச்சவங்க எல்லாரும் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, அது விஷம்" என்று வாட்ஸப்பில் போட்டிருந்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வக அறிக்கை அவன் கையில் இல்லை. அரசு சொல்வதற்கு எதிராகப் பேசுகிறான். மக்களிடம் பீதியைக் கிளப்புகிறான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 505ஆம் பிரிவு வதந்தி பரப்பிப் பொதுமக்களுக்கு அச்சம் உண்டாக்குவதைக் குற்றம் என்றது. புதிய நியாய சன்ஹிதாவில் அது 353 என்ற எண்ணில் தொடர்கிறது. அந்தச் சட்டத்தில் நல்லெண்ணத்தோடு பேசியவருக்கு விலக்கு இருக்கிறதுதான். ஆனால் நல்லெண்ணத்தை ஸ்டேஷனில் வைத்து நிரூபிப்பதற்குள் தெருவில் எத்தனை பேர் செத்திருப்பார்கள்?

ஆக, ஒரே ஊர், இரண்டே வருட இடைவெளி. ஒரு வதந்தி எரித்தது. இன்னொன்று காப்பாற்றியிருக்கக்கூடியது. சொல்லப்பட்ட நேரத்தில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. இரண்டிலும் ஊர்ஜிதமில்லாத செய்தி, நிர்வாகத்தின் மேல் நம்பிக்கையின்மை, கொதிப்பு, ஃபார்வர்ட்.

"உண்மையை மட்டும் பேசு, பொய்யைத் தடுப்போம்" என்கிற விதி இங்கே உதவாது. உண்மை எது என்று தெரிவதற்கு முன்னால்தானே பேச வேண்டியிருக்கிறது. அரசு சொல்வதுதான் உண்மை என்று வைத்தால் 2024 நம்மைக் கொல்கிறது. யாரும் எதையும் பேசலாம் என்று விட்டால் 2022.

என் தொழிலில் இதற்குப் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சர்வர் விழப்போகிறது என்று எச்சரிக்கும் அலாரத்தை எழுதும்போது, அது எத்தனை முறை சரியாக அடிக்கிறது என்பதோடு, தப்பாக அடித்தால் என்ன ஆகும், அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் கேட்போம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் தூக்கம் கெட்டு எழுந்து பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே படுப்பது ஒரு செலவு. அலாரம் அடித்த உடனே சிஸ்டம் தானாக ஒரு டேட்டாபேஸை அழித்துவிடும் என்றால், அது வேறு செலவு. இரண்டாவது வகை அலாரத்தை யாரும் அப்படியே ஓட விட மாட்டார்கள். நடுவில் ஒரு மனிதனை நிறுத்துவார்கள். கொஞ்சம் நேரத்தை நிறுத்துவார்கள்.

கருணாபுரத்துப் பையனின் செய்தி பொய்யாகிவிட்டால் என்ன நஷ்டம்? ஐம்பது பேர் வீணாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பியிருப்பார்கள். ஒரு நாள் கூலி, ஆட்டோ காசு. கேட்டவர்களே கொடுக்கிற செலவு, திரும்ப ஈட்டிவிடலாம். கனியாமூர்ச் செய்தி பொய்யாகிவிட்டால்? செலவு கேட்டவனுக்கு இல்லை. மூன்றாவது ஆளுக்கு. கொளுத்திய பிறகு திரும்ப வராத செலவு.

இதைப் படிக்கிற சிலர் இங்கேயே மறுக்க வேண்டும், மறுப்பார்கள் என்றும் நம்புகிறேன். அதிகாரத்தில் இருக்கிற ஒருவர்மேல் வைக்கிற எந்தக் குற்றச்சாட்டுக்கும் செலவு மூன்றாவது ஆளுக்குத்தான். பள்ளி முதலாளி, மில் முதலாளி, சாராய வியாபாரி, தாசில்தார் என்று யாரை எடுத்தாலும் அப்படித்தான். என் கணக்குப்படி போனால் பலமுள்ளவனைப் பற்றி எளியவன் வாயே திறக்க முடியாது. நியாயமான மறுப்பு. இங்கேதான் ஜான் ஸ்டூவர்ட் மில் கைகொடுக்கிறார். 1859இல் வந்த புத்தகத்தில் தானிய வியாபாரி உதாரணம் ஒன்று வைத்தார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறவர்கள் என்று பத்திரிகையில் எழுதினால் விட்டுவிட வேண்டும். அதையே கொதித்துப்போய் வியாபாரி வீட்டு வாசலில் நிற்கிற கூட்டத்திடம் சொன்னால் தண்டிக்கலாம். கருத்து ஒன்றுதான், நிற்கிற இடம்தான் வேறு. பத்திரிகைக்கும் வாசலுக்கும் நடுவில் இருப்பது நேரம் என்று நான் புரிந்துகொள்கிறேன். வியாபாரி பதில் எழுதலாம், இன்னொருவர் கணக்கைப் பார்க்கலாம், படித்தவன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருக்கலாம். பலமுள்ளவன்மேல் குற்றம் சாட்டுவதில் அநியாயம் ஒன்றுமில்லை. பதில் வருவதற்கான நேரத்தை அழிப்பதுதான் அநியாயம்.

நம் உச்ச நீதிமன்றமும் 1989இல், 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு எதிரான வழக்கில், இதே கோட்டைத்தான் வேறு விதமாகப் போட்டது. ஆபத்து தொலைதூரக் கற்பனையாக இருக்கக் கூடாது, வெடிமருந்துப் பீப்பாய்க்குள் விழும் தீப்பொறி மாதிரி பேச்சோடு ஒட்டியிருக்க வேண்டும் என்றது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகப் படத்தைத் தடுப்பது ஆகாது, ஒழுங்கைக் காப்பது அரசின் வேலை என்றும் சொன்னது.

ஆனால் மில்லுக்கு ஒரு வசதி இருந்தது. அவர் காலத்தில் பத்திரிகை வேறு, வாசல் வேறு. நம் ஃபோனில் இரண்டும் ஒன்று. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தனியாகப் படிக்கிறவன் அடுத்த நிமிடம் கூட்டத்தில் நிற்கிறான், எழுந்து போகாமலேயே.

2018இல் இதைப் பார்த்தோம். குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸப் செய்தியால், அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அதற்குப் பிறகு வாட்ஸப் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வைத்தது. இன்ஜினியராக அதை மதிக்கிறேன். பேச்சைத் தணிக்கை செய்யாமல் வேகத்தை மட்டும் குறைக்கிறது, மில் கேட்ட நேரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குக் கண் கிடையாது. "சாராயம் விஷம், ஆஸ்பத்திரிக்குப் போ" என்பதையும் அது ஐந்தோடுதான் நிறுத்தும்.

என் சித்தி மகன் ஒருவன் அப்போது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தான். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது.

"அண்ணா, நான் அன்னிக்கு அங்க போவல. மெசேஜ மட்டும் நாலு குரூப்புக்கு அனுப்புனேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"கொன்னுட்டானுங்க, ஞாயித்துக்கிழம எல்லாரும் ஸ்கூல் முன்னாடி வாங்கன்னு. கொளுத்துங்கன்னு யாருமே போடல ண்ணா. கூடி நின்னு கேக்கறது தப்பா?"

தப்பில்லை. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசமைப்புச் சட்டம் 19ஆம் பிரிவில் கொடுத்த உரிமை. தர்ணாவுக்குக் கூப்பிடுகிறவனும் "வாங்க" என்றுதான் சொல்கிறான். அப்படியானால் அந்த மெசேஜில் என்ன கோளாறு? ரொம்ப நேரம் யோசித்து அவனிடம் நான் சொன்னது, "வாங்க"வில் கோளாறு இல்லை, அதற்கு முன்னால் இருக்கிற "கொன்னுட்டானுங்க"வில் இருக்கிறது என்பது. மறு பிரேதப் பரிசோதனை வேண்டும், கேமரா பதிவைக் காட்டு என்று கூடுகிற கூட்டத்துக்குப் பதில் சொல்ல முடியும். அந்தப் பெற்றோர் கேட்டது அதைத்தான். தீர்ப்பை எழுதிவிட்டுக் கூடுகிற கூட்டத்துக்கு என்ன பதில் சொல்வது? கேட்பதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. தண்டிக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். கொளுத்து என்று யாரும் சொல்லத் தேவையே இல்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த யூடியூப்காரனுங்க?" என்றான்.

அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. 300க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள், சிறுவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள். வழக்கு, வாய்தா, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது போலீஸ் சரிபார்ப்பு என்று அவர்கள் வாழ்க்கை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிக்கொண்டது. சென்னையில் ஸ்டூடியோ விளக்கு போட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தீர்ப்பு வாசித்தவர்களில் பலருக்குப் பார்வை எண்ணிக்கை ஏறியது. அவர்களையும் பிடித்து உள்ளே போடு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இணை விசாரணையைத் தடுக்கிற அதே அதிகாரம், நாளைக்கு மெத்தனால் பற்றி விசாரிக்கிற உள்ளூர் நிருபரின் கதவைத் தட்டும். ஆனால் சட்டம் தொடாத இடத்தில் நாம் பழிக்கலாம், முகம் திருப்பலாம், பார்க்காமல் இருக்கலாம். அதை நாம் செய்யவில்லை. அந்தச் சேனல்களை இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெற்றோர் இன்றும் நீதிமன்றம் சொன்னதை நம்பவில்லை என்றால், அதைச் சாகும்வரை உரக்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 13ஆம் தேதியிலிருந்து 17ஆம் தேதிவரை அதிகாரிகள் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குத் தினமும் பொதுவில் சொல்லி, அந்தக் குடும்பத்தின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் கொடுத்திருந்தால், தீர்ப்பு வாசித்தவர்களுக்கு அவ்வளவு காலி இடம் கிடைத்திருக்காது.

இன்னொன்று. சாராயச் சாவுக்குப் பிறகு கல்வராயன் மலைமேல் ஒரு பேச்சு ஏறியது. மலைக்காரன் என்றாலே காய்ச்சுகிறவன் என்று டீக்கடையிலும் பேசினார்கள், டிவியிலும் பேசினார்கள். மலையில் காய்ச்சுவது உண்டுதான். ஆனால் மெத்தனால் வெல்லத்தைப் புளிக்க வைத்து அடுப்பில் வடிப்பது இல்லை, தொழிற்சாலைக் கரைப்பான். கீழே இருந்து வந்த விஷம். 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை அது. சாவுகளுக்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அங்கே சாலை உண்டா, ஆஸ்பத்திரி உண்டா, பிழைக்க வழி உண்டா என்று கேட்டு வழக்கு எடுத்தது. அந்தப் பேச்சால் பஸ் எரியவில்லை, கூட்டம் கூடவில்லை. எந்தப் பிரிவிலும் வழக்கில்லை. மலையிலிருந்து இறங்கி வேலை கேட்டு வருகிற பையனிடம் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துகிறார்களே, அவ்வளவுதான்.