பங்குச் சான்றிதழில் முதல் பெயர்

மும்பை செம்பூரில் நாங்கள் வாழும் கட்டடத்தில் தண்ணீர் லாரிக்குத் தொலைபேசுவதும், வாட்ச்மேனின் சம்பள பாக்கியை நினைவூட்டுவதும் பெண்கள். சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கை தூக்குவது பெரும்பாலும் ஆண்கள். சென்ற ஆண்டு, தண்ணீர்த் தொட்டி சீரமைக்கும் செலவு பற்றிப் பேச எழுந்தேன். செயலாளர் மரியாதையாகவே சொன்னார்: “மேடம், சார்தான் இருக்காரே, அவர் சொல்லட்டும்.” என் கணவர் ஒரு பில்லைக்கூடப் பார்த்தவரில்லை.

செயலாளர் பக்கம் சட்டம் இருந்தது. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது, 1844இல் ராச்டேல் தொழிலாளர்கள் தொடங்கிய கடையிலிருந்து வரும் கூட்டுறவு மரபு. பணத்தின் கனத்தைப் பார்க்காத இந்த ஏற்பாட்டின் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஆனால் ‘ஆள்’ என்பது யார்? 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி, பங்கு இருவர் பெயரில் இருந்தால் சான்றிதழில் முதலில் உள்ளவருக்கே வாக்கு. அவர் வராவிட்டால்தான் அடுத்தவருக்கு. கணவர் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வாக்கு உண்டு. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இல்லை!

கடன் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. பத்திரம் எழுதிய அன்று எந்தப் பெயர் முதலில் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல், பெண்கள் பெயரில் மட்டும் வீடு வாங்கினால் முத்திரைத்தாள் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகையும் உண்டு. அதற்காக மனைவி பெயரில் வாங்கிய வீடுகளிலிருந்தும் எங்கள் கூட்டத்துக்கு வருபவர்கள் கணவர்கள்தாம்.

‘உழைக்கிறேன், அதனால் வாக்கு வேண்டும்’ என்றுதான் முதலில் வாதாடினேன். அப்படியானால் எழுந்து நடக்க முடியாத என் மாமியாருக்கு என்ன உரிமை? ஒரு முடிவு யார் வாழ்க்கையில் வந்து விழுகிறதோ அவர்களைக் கேட்க வேண்டும். அதுவே நியாயம் என்று இப்போது நினைக்கிறேன். இதைச் சொல்வது எளிது. வாடகைக்கு இருப்பவர்களைக் கேட்கிறோமா? வேலைக்கு வருகிறவர்களை?

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் வந்தது: வீட்டுவேலை செய்பவர்கள் லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது. என் கணவர் கை தூக்கினார். தொட்டிச் செலவைப் பேச விடாத கோபத்திலேயே நான் உட்கார்ந்திருந்தேன்; வாய் திறக்கவில்லை. இரவு வீட்டில் சண்டை போட்டேன், அதுவும் என் பெயரைப் பற்றித்தான்.

மறுநாள் காலை ஐந்து மாடி ஏறி வந்த அக்கா, கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். “வாட்ச்மேன் லிஃப்ட்ல ஏற விடல. ரிப்பேரா?” என்றார்.