பட்டம் தந்தோர் பதில் தரட்டும்!

பட்டமளிப்பு விழா! பந்தல் பளபளக்கிறது. அங்கியணிந்த இளைஞர்கள் அணிவகுத்து நிற்கின்றனர். பெயர் அழைக்கப்படுகிறது; முனைவர் பட்டம் கைக்கு வருகிறது; கையொலி கூரையைத் தொடுகிறது. "இத்தனை பேருக்குப் பட்டம் வழங்கினோம்" என்று ஆண்டறிக்கை பெருமை பேசுகிறது. நன்று, தோழர்களே! ஐந்தாண்டுக்கு முன் அதே மேடையேறியவர் இன்று எங்கே? அந்தக் கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பது அரிது.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். எனக்கு மூத்தவர், அண்ணன் என்றே அழைப்பேன். நெசவாளியின் மகன், வரலாற்றில் முனைவர், கல்லூரியொன்றில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பதவியின் பெயரிலே இருக்கிறது, ஊதியத்திலே இல்லை. அவரினும் குறைவாகப் படித்த நான், பள்ளி ஆசிரியன், அவரினும் மிகுதியாகப் பெறுகிறேன். அதை எண்ணி நான் நாணி நின்றபோது அவர் சொன்னார்: "இந்த நிலை வரலாம் என்று சேர்ந்த அன்றே யாரேனும் சொல்லியிருந்தால், படிக்காமல் இருந்திருப்பேன் என்று சொல்லவில்லை, தம்பி. கண்ணைத் திறந்துகொண்டு படித்திருப்பேன்."

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை.

இந்தியாவில் முனைவர் பட்டத்திற்குப் பயின்றோர் 2014-15இல் 1.17 லட்சம், 2021-22இல் 2.12 லட்சம். நடுவணரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு தரும் எண்கள் இவை. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, இப்படிப்பு குறைந்தது 3 ஆண்டு. 6 ஆண்டுவரை நீளலாம். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. இளமையின் ஆறு ஆண்டுகளைக் கேட்பவர், அவற்றின் விளைவைச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லரோ?

ஆய்வேட்டில் சான்றில்லாத ஒரு வரி இருந்தால் தேர்வாளர் விடுகிறாரா? "ஆதாரம் எங்கே?" என்று அதட்டுகிறார், அது முறையே. ஆனால் "வா, படி, உயர்வாய்" என்று அதே கல்விக்கூடம் அழைக்கிறதே, அதற்கு ஆதாரம் எங்கே? சான்று கேளாமல் நம்பு என்பது குறி சொல்வோன் பேச்சு, கலைக்கழகத்தின் பேச்சாகலாமா?

"கல்வி அறிவுக்காக, வேலைக்காக அன்று" என்பர் சிலர். அழகான வாசகம்! மாதம் தவறாமல் ஊதியம் பெறுவோர் வாயில் அது இன்னும் அழகாக ஒலிக்கும். அறிவே நோக்கமெனில், தம் மாணவர் வாழ்வைப் பற்றிய அறிவு மட்டும் ஏன் வேண்டாததாயிற்று?

முடியாத செயலா இது? கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகம், 2000 முதல் 2015 வரை தன்னிடம் முனைவர் பட்டம் பெற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிக் கணக்கெடுத்தது. நிலையான பேராசிரியர் பதவி சிறுபான்மையினருக்கே கிட்டியது. ஏனையோர் பலர் தொழிலகங்களிலும் அரசுப் பணியிலும் இருந்தனர். 2017இல் அமெரிக்காவில் ஒன்பது பல்கலைக்கழகங்களும் ஒரு புற்றுநோய் ஆய்வு நிலையமும் கூடி, தம் உயிரியல் ஆய்வு மாணவர் எத்தனை ஆண்டு பயில்கின்றனர், பின்னர் எங்குச் செல்கின்றனர் என்பதை ஊரறிய வெளியிட உறுதி பூண்டன.

கணக்கு தெரிந்தால் கல்வி திருந்தும். வரலாற்று முனைவர் ஆவணக் காப்பகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் பதிப்பகத்துக்கும் செல்லக் கூடுமெனில், அவற்றுக்கான பயிற்சியைப் படிப்பிலேயே சேர்க்கலாம். கற்பிக்கும் பணி சிலருக்கே எனில், அதைச் சேரும் நாளிலேயே சொல்லலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: "வேலை இல்லை, ஆகவே வரலாறு வேண்டாம், தத்துவம் வேண்டாம்" என்று துறைகளை மூட இந்தக் கணக்கைக் கருவியாக்கக் கூடாது. அது மருத்துவன் கைக் கத்தியாகட்டும். கொலைஞன் கை வாளாக வேண்டாம்.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல மாமன் உண்டு, மைத்துனன் உண்டு. முதன்முதலாகப் படிக்க வந்த நெசவாளி மகனுக்கு யார் உண்டு? கல்விக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

சேரப் போகும் தோழனே, விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் கேள்: "உங்களிடம் படித்தவர்கள் எங்கே?" பட்டம் தந்தோர் பதில் தரட்டும்!